மூன்றாம் பக்கம் சிறப்பு விருந்தினருக்கு

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுங்களா. காலை நீட்டிக்கொள்ள வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இன்றைக்கு ஒரு நல்ல கதை வைத்திருக்கிறேன். ஆண்பிள்ளைகளுக்கு வரும் ஓர் உடம்பு உபத்திரவம் பற்றியது. அதற்காகப் பெண்கள் எழுந்து போக வேண்டாம். அந்த உபத்திரவத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கும்தானே தூக்கம் கெடுகிறது?

நம் புதுவை நெல்லித்தோப்பில் நாராயணசாமி என்று ஒருவர். வயது அறுபத்திரண்டு. சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவார், கோணல் சக்கரத்தை நிமிர்த்துவார், வாடகைக்கும் விடுவார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் அவரிடம்தான் சைக்கிள் எடுப்பார்கள். அதனால் அவருக்குச் சைக்கிள் வாடகைக்கு வேண்டிய அளவு பிரெஞ்சு தெரியும். எத்தனை மணி நேரம், பிரேக் சரியாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விடு. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அவருக்கு ஒன்றுக்குப் போவதில் சிரமம் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஓர் எண் வந்தது. புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழே பாக்கு அளவில் இருப்பது, அதில் கோளாறு இருந்தால் அந்த எண் ஏறுமாம். பன்னிரண்டு இடத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து எண் இன்னும் ஏறியிருந்தது.

"பன்னண்டு எடத்துல குத்தியும் சிக்கல பெரியவரே. ஆனா எண்ணு ஏறிகினே போவுது. முன்பக்கமா ஒளிஞ்சிருந்தா நம்ம ஊசி அங்க போவாது" என்றார் டாக்டர். "வெளிநாட்டுல படம் எடுக்குற மெஷினுக்குள்ளயே படுக்க வச்சி, படத்தப் பாத்துகினே அந்த எடத்துல குறி வச்சி எடுக்கறாங்க. நமக்கு அது இன்னும் வரல."

நாராயணசாமி கொஞ்சம் யோசித்தார். "புரியுது சார். டியூப தண்ணியில முக்கிப் பாக்காம, குருட்டாம்போக்குல ஒட்டுப் போட்டிருக்கோம்."

"அதேதான்."

வீட்டுக்கு வந்து மனைவி செல்வாம்பாளிடம் அவர் சொன்னது இதுதான்: "எனக்கு ரெண்டே சேதி தெரியணும் செல்வாம்பா. இருக்குதா, இல்லியா? இருந்தா தீக்கலாமா, தீக்க முடியாதா? இது தெரிஞ்சிட்டா நான் சோறு தின்னுவேன்."

இந்த இரண்டு சேதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், செல்லங்களா. மீதியெல்லாம் ஆடம்பரம்.

அந்த நேரத்தில்தான் புதுவை–சாந்த்ரவால் இரட்டை நகர நட்புறவுக் கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சாந்த்ரவால் பிரான்சில் உள்ள ஒரு சிற்றூர். நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் நட்பு வளர்க்கவென்று பத்து வருஷமாக ஒரு கழகம் நடந்துவந்தது. அந்தப் பத்து வருஷத்தில் இங்கிருந்து பதினான்கு தூதுக்குழுக்கள் அங்கே போயிருந்தன. நட்பின் சின்னமாகக் கடற்கரைப் பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்சும் போட்டிருந்தார்கள்.

நட்புக்கு மரியாதை செய்யும் விதமாகக் கழக அலுவலகம் பிரான்சு நேரப்படி திறக்கும். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை. பன்னிரண்டரைக்குத் திறந்து, நம் நேரப்படி ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போவார்கள். மூன்று மணிக்கு வந்து, நம் நேரப்படி ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். இரு நாட்டுப் பண்பாட்டையும் சமமாக மதித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

வந்த கடிதம் சின்னது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் படம் பார்த்துச் சதை எடுக்கும் புதுக் கருவி வந்திருக்கிறது. நட்பின் பத்தாம் ஆண்டை ஒட்டி உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு இலவசமாகச் சோதனை செய்கிறோம். உண்மையிலேயே தேவைப்படுகிறவரை அனுப்புங்கள்.

கழகம் அன்று மாலையே கூடி, ஒரு தேர்வுக் குழுவையும், தேர்வுக் குழுவைத் தேர்வு செய்ய ஒரு குழுவையும் போட்டது. பத்திரிகையில் விளம்பரம் வந்தது: 'தகுதி வாய்ந்த ஆண்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரருக்குப் புராஸ்டேட் சுரப்பி இருப்பதற்கான சான்றிதழ், அதிகாரி ஒருவரின் கையொப்பத்துடன் இணைக்கப்பட வேண்டும்.'

நாற்பத்தோரு பேர் விண்ணப்பித்தார்கள். நாராயணசாமி நேர்முகத் தேர்வுக்குப் போனபோது ஐந்து பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். பக்கத்தில் செயலாளர் ஹரிகிருஷ்ணன். சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பவர், மூன்றிலும் வேறு வேறு நிற மை.

"எவ்ளோ நாளா இந்தக் கஷ்டம்?" என்றார் தலைவர்.

"ஒன்றர வருஷமா சார்."

தலைவர் முகம் சுருங்கியது. "கழகம் ஆரம்பிச்சி பத்து வருஷம் ஆவுது. பத்து வருஷமா கஷ்டப்படுறவரு யாராச்சும் கெடச்சா விழாவுக்குப் பொருத்தமா இருக்கும்."

"அவ்ளோ நாளு விட்டிருந்தா நான் இன்டர்வியூக்கு வந்திருக்க மாட்டேனே சார்."

"சாந்த்ரவாலோட மக்கள்தொகை எவ்ளோ தெரியுமா?" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"தெரியலிங்க."

"நகர மண்டபம் எந்த நூற்றாண்டு?"

"சார், கொஞ்சம் அவசரம். ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

அவர் போய்விட்டு வருவதற்குள் ஹரிகிருஷ்ணன் பச்சை மையில் 'அறிகுறி நேரில் காணப்பட்டது' என்று எழுதி வைத்திருந்தார்.

கடைசியில் நாராயணசாமிக்கே வாய்ப்புக் கிடைத்தது. நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் தன் சகலையை நிறுத்தினார், துணைத் தலைவர் தன் சம்பந்தியை நிறுத்தினார், இருவருக்கும் ஒரு மாதம் சண்டை நடந்தது. பிறகு சாந்த்ரவாலிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார்கள். அனுப்பிப் பார்த்ததில், நாற்பத்தோரு பேரில் நோய்க்கான அடையாளம் இருந்த ஒரே ஆள் நாராயணசாமி.

"ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்குதுன்னா, நாம சரியா விளம்பரம் செய்யலைன்னு அர்த்தம்" என்று துணைத் தலைவர் வருத்தப்பட்டார்.

தூதுக்குழுப் பட்டியல் தயாரானது. மொத்தம் பதினொரு பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், மகளிர் பிரதிநிதியாகத் தலைவரின் மனைவி, மகளிர் பிரதிநிதிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்றாகத் துணைத் தலைவரின் மனைவி, இளைஞர் பிரதிநிதி ஒருவர், அவருக்கு வயது ஐம்பத்தாறு. பார்வையாளராக அந்தச் சகலை. போட்டோகிராபர். பிறகு நாதஸ்வரம் ஒருவர், தவில் ஒருவர்.

பட்டியலைத் தட்டச்சு செய்த அன்புசெல்விதான் முதலில் கவனித்தாள். கழகத்தில் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். அதனாலேயே எந்தத் தூதுக்குழுவிலும் அவளைச் சேர்ப்பதில்லை. அவள் போய்விட்டால் அங்கிருந்து வரும் கடிதத்தை இங்கே யார் படிப்பது?

"சார், இதுல பேஷண்ட் பேரே இல்லியே?"

ஹரிகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "விதிமுறையப் படிச்சிப் பாரும்மா. தூதுக்குழுவுல நோயாளின்னு ஒரு பதவியே கெடையாது. இல்லாத பதவிக்கு எப்படி டிக்கெட் போடறது?"

"அப்ப அவரு போவலியா?"

"அவரோட விண்ணப்பம் போவுது. போட்டோ போவுது. தலைவரு நேர்ல போயி அவரப் பத்தி எடுத்துச் சொல்லப் போறாரு. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன மரியாத வேணும்?"

நல்லவேளையாக மறுநாளே சாந்த்ரவாலிலிருந்து ஒரு ஃபாக்ஸ் வந்தது. நோயாளி எத்தனை மணிக்கு வந்து சேர்கிறார் என்று கேட்டு, முதல் நாள் அவர் என்ன சாப்பிடக் கூடாது என்று விவரமாக எழுதியிருந்தார்கள். கழகம் மறுபடி கூடியது. யாரை எடுப்பது? தவிலை எடுத்தார்கள். நாராயணசாமியின் பெயர் தவில் என்ற தலைப்பின் கீழ் ஏறியது.

புறப்படும் நாளன்று நெல்லித்தோப்புச் சந்தில் இருபது அடிக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஆறு தலைவர்கள் மேகத்திலிருந்து கும்பிட, கீழே மூலையில் தபால்தலை அளவில் நாராயணசாமி. 'சுரப்பிச் சோதனைக்குச் சீமை செல்லும் செம்மலே, சென்று வா, வென்று வா!'

செல்வாம்பாள் வாசலில் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "என் அண்ணிகிட்டகூட நான் சொல்லலிங்க. தலைவலிக்குப் பாக்கப் போறாருன்னு சொல்லி வச்சிருக்கேன். இவனுங்க சந்துக்கே படம் போட்டு வச்சிருக்கானுங்க."

"விடு."

"வென்று வாவாமே! என்னாத்த வெல்றது? குப்புறப் படுத்து ஊசிய வாங்கிட்டு வரணும், அவ்ளோதான?"

"செல்வாம்பா, மெதுவாப் பேசு. வேன்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க."

அவள் குரலை இறக்கினாள். "சேதி என்னான்னு அன்னைக்கே போன் பண்ணுங்க. இருக்குதுன்னாலும் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் அழ மாட்டேன்." சொல்லும்போதே அழுதாள்.

சாந்த்ரவாலில் நகர மண்டபத்தில் வரவேற்பு. மேயர் ஒரு பெண்மணி, அவர் பேசினார். நம் தலைவர் பதிலுக்குத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும், அதாவது 'போன்ழூர்' என்பதை, இரண்டு முறை சொல்லிவிட்டுத் தமிழில் முக்கால் மணி நேரம் பேசினார். மொழிபெயர்க்க ஆள் இல்லை. எல்லாரும் முறையாகக் கைதட்டினார்கள். பிறகு நிகழ்ச்சி நிரலில் மங்கள இசை என்று இருந்தது.

நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்தார். கழகம் கொண்டுவந்திருந்த தவிலை நாராயணசாமியின் முன்னால் வைத்துவிட்டு எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஹரிகிருஷ்ணன் குனிந்து காதில் சொன்னார்: "தவில் பேருல விசா வாங்கியிருக்கீங்க. நாலு தட்டாச்சும் தட்டிடுங்க. இல்லன்னா சட்டச் சிக்கல் ஆயிடும்."

அவர் நாற்பது வருஷம் சக்கரத்தின் விளிம்பைத் தட்டி நிமிர்த்தியவர். எங்கே கோணலோ அங்கே ஒரு தட்டு, சுற்றி விட்டுக் காது கொடுத்துக் கேட்டு மறுபடி ஒரு தட்டு. தவிலையும் அப்படியே தட்டினார். நாதஸ்வரக்காரர் வேர்த்து விறுவிறுத்து, இவர் எப்போது தட்டுவார் என்று தெரியாமல், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ராகமாக ஊதித் தள்ளினார். மேயர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவ்வளவு மௌனம் நிறைந்த தாளத்தைத் தான் கேட்டதே இல்லை என்று அந்த ஊர்ப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார்களாம்.

மறுநாள் ஆஸ்பத்திரி. நாராயணசாமி ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் முடிச்சுப் போட எட்டாமல் ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார். பத்துப் பேரும் ஊர்வலமாக உள்ளே வந்தார்கள். கருவி இருக்கும் அறை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். குத்துவிளக்கு ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர். கையை விரித்து வழி மறித்தார். விளக்கைக் காட்டி வேண்டாம் என்றார். மோதிரம், கடிகாரம், சாவிக்கொத்து, எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். அது பெரிய காந்தம், இரும்பைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆனால் ரிப்பன் வெட்டாமல் ஒரு காரியம் எப்படித் தொடங்கும்? ஹரிகிருஷ்ணன் கத்தரிக்கோலைப் பொன்னாடையின் மடிப்பில் மறைத்து வைத்திருந்தார். கதவு திறந்ததும் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் ரிப்பனை வெட்டினார். மூன்றே அடி உள்ளே வைத்தார். கத்தரிக்கோல் அவர் கையை விட்டுப் பறந்து போய்க் கருவியின் வாயில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. போட்டோகிராபர் அந்தக் கணத்தைப் படம் எடுத்தார். கழகத்தின் ஆண்டு மலரில், 'தலைவரின் கரங்களிலிருந்து நேரடியாகக் கருவிக்கு' என்ற குறிப்போடு அது பின்னால் வெளிவந்தது.

கத்தரிக்கோலைப் பிடுங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கருவிக்குச் சேதம் உண்டா என்று பார்க்க ஒரு நாள் ஆனது. நாராயணசாமி மறுபடி பட்டினி, மறுபடி வயிறு கழுவல்.

அடுத்த நாள் டாக்டரம்மா ஒரே ஒரு காரியம் செய்தார். கதவை உள்பக்கம் பூட்டினார்.

அதன்பின் நடந்ததில் கேலி செய்ய ஒன்றும் இல்லை, கண்ணுங்களா. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவரைக் குப்புறப் படுக்க வைத்து, குகைபோல இருந்த கருவிக்குள் மெதுவாகத் தள்ளினார்கள். காதில் பஞ்சு வைத்தும், நெல் மில்லுக்குள் படுத்திருப்பதுபோல ஒரே இரைச்சல். "எத்தனை மணி நேரம்?" என்று அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார். டாக்டரம்மா நான்கு விரலைக் காட்டி, பக்கத்தில் ஒரு சைபர் போட்டார். நாற்பது நிமிஷம். படம் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி படம் பார்த்தார்கள். ஆறு துண்டு எடுத்தார்கள். உள்ளே போகுமுன் தனக்குத் தெரிந்த மற்ற சைக்கிள் பிரெஞ்சையும் அவர் சொல்லிக் காட்டியிருந்தார். எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்து, பிரேக் சரியாக இருக்கிறது என்று அந்தச் சைக்கிள் பிரெஞ்சிலேயே சொன்னார். அவர் சிரித்தார். ஊரை விட்டுப் புறப்பட்டபின் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முடிவு வரப் பத்து நாள் ஆகும், எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று ஒரு தாளை நீட்டினார்கள். நாராயணசாமி நெல்லித்தோப்பு என்று எழுத ஆரம்பித்தார். ஹரிகிருஷ்ணன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க? ரெண்டு நகரங்களுக்கு இடையில உள்ள கடிதப் போக்குவரத்து கழகத்து வழியாத்தான் நடக்கணும்."

"என் உடம்பு சேதி சார்."

"உடம்பு உங்களுது. சேதி நட்புறவோடது."

ஊருக்கு வந்த பன்னிரண்டாம் நாள் செல்வாம்பாள் கழகத்துக்குப் போனாள். பன்னிரண்டரை வரை படிக்கட்டில் காத்திருந்தாள்.

"ரிப்போர்ட் வந்துச்சா சார்?"

"வந்துடுச்சே! போன திங்கக்கெழமையே வந்துடுச்சி" என்றார் ஹரிகிருஷ்ணன், பெரிய சந்தோஷத்தோடு. "அன்புசெல்வி தமிழ்ல பெயர்த்து முடிச்சாச்சி. மூணு பக்கம். அட்டை போடக் குடுத்திருக்கோம்."

"குடுங்க சார், எடுத்துட்டுப் போறேன்."

"இன்னும் வெளியிடலியேம்மா."

"என்னா வெளியிடறது?"

ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்றே சொன்னார். உட்கார்ந்து சொல்கிற விஷயம் இல்லையாம் அது. "இத பாருங்கம்மா. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட குடும்பத்தோட வந்து குடுத்தாத்தான் மரியாத. இது பன்னாட்டு மருத்துவ ஆவணம். கைல சுருட்டிக் குடுத்து அனுப்பினா சாந்த்ரவால்காரங்க நம்மள என்ன நெனைப்பாங்க? மூலக்குளத்துல மண்டபம் பாத்தாச்சி. முதல் பக்கத்த துணைத் தலைவர் படிக்கிறாரு, ரெண்டாம் பக்கம் தலைவர், மூணாம் பக்கம் சிறப்பு விருந்தினர். அவரு தேதி குடுத்த ஒடனே விழா. நாங்க இதுக்காக எவ்ளோ பாடுபடறோம்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு ராத்திரி தூக்கமே கெடையாது."

"அவருக்கும்தான் சார் இல்ல" என்றாள் செல்வாம்பாள்.

"பாத்தீங்களா? ரெண்டு பேரும் ஒரே நிலைமைலதான் இருக்கோம்."

படியிறங்கும்போது அன்புசெல்வி பின்னாலேயே ஓடி வந்தாள். செல்வாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்சிருப்ப தாயி. ஒரு வார்த்த சொல்லு. தலைய ஆட்டு போதும்."

அன்புசெல்வி அக்கம்பக்கம் பார்த்தாள். ரகசியக் காப்பு உறுதிமொழி என்று அவளிடம் மூன்று நிற மையிலும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "சொன்னா வேல போயிடும்க்கா. ஆனா விழாவுக்குக் கட்டாயம் வந்துடுங்க. மாமா வரலன்னு சொன்னாலும் கூட்டிட்டு வந்துடுங்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் எத்தனை நாள் மல்லுக்கட்டினார்கள் தெரியுமா!

"நல்ல சேதின்னா சிரிச்சிருப்பா இல்ல?" என்பார் அவர்.

"கெட்ட சேதின்னா விழாவுக்கு வராதீங்கன்னு சொல்லியிருப்பா."

"கட்டாயம் வாங்கன்னாளே, அதான் இடிக்குது."

"சோத்தத் தின்னுங்க மொதல்ல."

அவர் தின்னவில்லை. சிறப்பு விருந்தினர் பத்தொன்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்.

மூலக்குளத்து மண்டபம் நிறைந்திருந்தது. வில்லியனூர் ரோட்டிலிருந்தே ஃபிளெக்ஸ். மேடையில் வெல்வெட் நாற்காலிகள். ஓரத்தில் நாராயணசாமி, கழுத்தில் மாலை. முன்வரிசையில் செல்வாம்பாள். மேசையில் வெள்ளித் தட்டில், வெற்றிலை பாக்கின் மேல், பட்டு நூல் கட்டிய மூன்று தாள்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. சேதராப்பட்டில் ஒரு திறப்பு விழாவில் இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று அரை மணிக்கொரு தரம் அறிவித்தார்கள்.

துணைத் தலைவர் முதல் பக்கத்தைப் பிரித்தார். பெயர், வயது, எடை, உயரம், கருவியின் பெயர், எடுத்த துண்டுகள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எடைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்கள்.

தலைவர் எழுந்தார். இரண்டாம் பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கணீரென்று படித்தார்.

"ஆறு துண்டுகளில் நான்கில் குறை ஏதும் இல்லை. சுரப்பியின் முன்பக்கத்தில், படத்தில் நிழலாகத் தெரிந்த இடத்திலிருந்து எடுத்த இரண்டில், புற்றுநோய் இருப்பது உறுதியாகிறது."

ஹரிகிருஷ்ணன் முதலில் தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. பின்வரிசையில் யாரோ சீட்டி அடித்தார்கள்.

தலைவர் மைக்கைக் கையில் எடுத்தார். "பெருமக்களே! உள்ளூர் ஊசி பன்னண்டு தடவ தேடியும் கெடைக்காதத, நம்ம நட்புறவு ஆறே தடவயில தேடிக் கண்டுபிடிச்சிருக்கு. இல்லன்னு வந்திருந்தா இந்தப் பதினோரு பேரு பயணத்துக்கு என்ன அர்த்தம்? எதிரிங்க என்னப் பாத்து எத்தன கேள்வி கேட்டிருப்பாங்க? நண்பர் நாராயணசாமி நம்மளக் கைவிடல. அவருக்கு இருக்கு! அவருக்கு இருக்குன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்!"

நாராயணசாமி எழுந்தார். மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டது. "சார். தீக்கலாமா?"

"என்ன?"

"இருக்குதுன்னு சொன்னீங்க. தீக்கலாமா, முடியாதா? அது எந்தப் பக்கத்துல இருக்குது?"

தலைவர் தட்டைப் பார்த்தார். ஹரிகிருஷ்ணன் மென்மையாகச் சொன்னார்: "அது மூணாம் பக்கம் அண்ணே. சிறப்பு விருந்தினர் பக்கம். கோரிமேட்டத் தாண்டிட்டாராம். அதுக்குள்ள பரதநாட்டியம் ஒண்ணு வச்சிருக்கோம். உக்காருங்க."

நாராயணசாமி உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து செல்வாம்பாள் அதைப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள். மேடைப் படியில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சலங்கை கட்டிய இரண்டு பெண் குழந்தைகளுக்கு நடுவே நடந்து போய், வெள்ளித் தட்டிலிருந்து மூன்றாம் பக்கத்தை எடுத்தாள்.

"அம்மா! அம்மா! அது அவரு பக்கம்!" என்று பதறினார் ஹரிகிருஷ்ணன்.

"எவரு பக்கம்? எம் புருஷன் பக்கம்" என்றாள் செல்வாம்பாள். "முப்பத்தெட்டு வருஷமா நான் தொவைச்ச வேட்டிக்காரரு சார். அவரு உள்ளுக்குள்ள என்னா இருக்குதுன்னு தெரிஞ்சிக்க, இன்னொருத்தரு கார்ல வரணுமா?"

பட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். மைக் பக்கம் போகவில்லை. புருஷனின் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் தாளை விரித்து வைத்து, விரல் ஓட்டிப் படித்தாள்.

"ஆ-ரம்-ப… ஆரம்ப நிலை. ஆரம்ப நிலைங்க. சு-ரப்-பியை விட்டு… வெளியே… பர-வ-வில்லை." மூச்சு வாங்கினாள். "பரவலிங்க. அறு… அறுவைச் சிகிச்சையால்… முழு-மை-யாகக்… குண… குணப்படுத்த…"

அடுத்த வார்த்தை நீளமாக இருந்தது. அவள் விரல் அங்கேயே நின்றது. மேடையின் ஓரத்தில், தாம்பூலப் பைகளுக்குப் பின்னால் நின்றிருந்த அன்புசெல்வி அழுதுகொண்டே வாய் விட்டுச் சொன்னாள்: "குணப்படுத்தக்கூடியதுக்கா! குணப்படுத்தக்கூடியது! நான்தான எழுதுனேன்!"

இதற்கு மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லையே!

நாராயணசாமி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "பசிக்குது செல்வாம்பா" என்றார். இருவரும் படியிறங்கி வெளியே போய், மண்டபத்துக்கு எதிரில் இருந்த கடையில் ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தார். மூன்றாம் பக்கம் இல்லாததால் முதல் பக்கத்தையே மறுபடி படித்தார். எடைக்கு மறுபடி கைதட்டினார்கள். பிறகு மாலை கிடந்த காலி நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார். வழுக்கி விழுந்ததை எடுத்து மறுபடி போர்த்தினார்.

அறுவைச் சிகிச்சை நம் ஊரிலேயே நடந்தது, நல்லபடியாக. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: 'நட்புறவின் பேரால் கண்டறியப்பட்ட சுரப்பியைக் கழகத்தின் முன் அனுமதியின்றி அகற்றியது விதிமீறல். எனினும் பெருந்தன்மையுடன், அதைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு நிரந்தரக் காட்சிக்கு ஒப்படைத்தால் கழகம் நன்றி பாராட்டும்.' நாராயணசாமி பதில் எழுதச் சொன்னார், செல்வாம்பாள் எழுதினாள்: 'காட்சிக்கு வைக்க உங்களிடம் பத்துப் பேர் இருக்கிறார்களே, போதாதா?'

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் வராந்தாவில் நடந்து வரும்போதே சீட்டை அவர் கையில் கொடுத்தார். "எறங்கிடுச்சி பெரியவரே. ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க." அவ்வளவுதான். டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். நாராயணசாமி அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு மனைவியிடம் கொடுத்தார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் காத்திருந்தார்.

போய் வாருங்கள், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும். அப்படியே ஒன்று வந்தாலும், சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படட்டும். உங்கள் வீட்டுச் சேதி முதலில் உங்கள் கைக்கே வரட்டும். அதை மெதுவாகப் படித்துக் காட்ட, பக்கத்தில் குந்தி உட்கார ஓர் ஆள் உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் நூறு வருஷம் இருக்கட்டும்.